கை ஏன் பணத்தை நோக்கிப் போகிறது? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

வரவு செலவை எழுதி வையுங்கள் என்ற அறிவுரையைக் கேட்காதவர்கள் இல்லை. பலர் எழுதியும் பார்த்திருப்பார்கள். சில வாரங்களில் நோட்டு எங்கே போனது என்றே தெரியாது. இதற்குச் சோம்பல்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. அந்த நோட்டு தொகையை மட்டுமே கேட்கிறது. தொகை என்பது கடைசியில் நடந்த காரியம். அதற்கு அரைமணி நேரம் முன்பு மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அது கேட்பதே இல்லை. பிழை பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

கீழே உள்ள தலைப்புகள் அறிகுறிகள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பொருந்துவதைத் தேடிப் படியுங்கள். இரண்டு மூன்று பொருந்தினால், மிகவும் வெட்கமாக உணரவைக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

வீட்டு வாடகை, சாப்பாடு, மருந்து, போக்குவரத்து, பிள்ளைகளின் படிப்பு, கடன் தவணை. இந்தக் கட்டாயச் செலவுகளை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மாத வருமானம் அதைவிடக் குறைவாக இருந்தால் உங்கள் மனதில் பிழை தேட வேண்டாம். பிழை வருமானத்தில் இருக்கிறது, அல்லது கடன் வட்டியில் இருக்கிறது. பற்றாக்குறையில் வாழ்பவரிடம் மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுப்பது கொடுமை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன், கையில் பணமில்லாத நாட்களில், அதே மனிதர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். அறுவடைப் பணம் வந்த பிறகு தேறினார்கள். பணமுடை, யோசிக்கும் சக்தியையே தின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட நிலையில் முதல் வேலை வருமானத்தைக் கூட்டுவது, அல்லது கடன் கொடுத்தவரிடம் தவணையை மாற்றிக் கேட்பது. மற்றவை பிறகு.

அடுத்து, இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். ஆண்டுக்கணக்காக இருப்பது ஒரு வகை. சில வாரங்களுக்குள் திடீரென்று முளைத்திருந்தால் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

கையில் இருக்க வேண்டிய ஒரே கருவி

ஒரு சின்ன நோட்டு, அல்லது கைப்பேசியில் ஒரு குறிப்புப் பக்கம். தொகையை எழுத வேண்டாம். கட்டாயச் செலவுகளையும் எழுத வேண்டாம். மனம் உந்தி வாங்கியவற்றை மட்டும் எழுதுங்கள்: நேரம், அதற்கு முன் நடந்தது, வாங்கியது, மறுநாள் தோன்றியது. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

செவ்வாய், இரவு 11.10. அலுவலகக் கூட்டத்தில் நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பை. மறுநாள்: ஆர்டர் கொடுத்ததே காலையில்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளி, இரவு 10.50. அம்மாவிடம் பேசினேன், பாதியிலேயே வைத்துவிட்டார். செருப்பு. மறுநாள்: நிறம் பிடிக்கவில்லை.

ஞாயிறு, காலை 9. குடை உடைந்திருந்தது. புதுக்குடை. மறுநாள்: ஒன்றும் தோன்றவில்லை.

சாதாரணக் கணக்கு நோட்டில் கைப்பையும் செருப்பும் குடையும் ஒரே தலைப்பின் கீழ் வந்து, 'இந்த மாதம் இதற்கு அதிகம் போய்விட்டது' என்ற வருத்தத்தோடு முடிந்திருக்கும். இங்கே குடை தனியே விலகி நிற்கிறது. அது தேவை. கைப்பையும் செருப்பும் வேறு வேறு பொருள்கள் என்றாலும் முந்தைய நிகழ்ச்சி ஒன்றுதான்: தன் பேச்சை யாரோ கேட்காமல் போனது. நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தப் பக்கத்தை எழுதியவருக்குக் கைப்பை மோகம் கிடையாது. பேச்சு எடுபடாத நாளின் இரவைக் கடப்பது அவருக்குக் கடினமாக இருக்கிறது. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வரும்வரை ஆசை, வந்த பிறகு பெட்டியைப் பிரிக்கக்கூட மனமில்லை

வீட்டில் பிரிக்காத பார்சல்கள் கிடக்கின்றன. விலைச்சீட்டு கழற்றாத துணிகள் அலமாரியில் தொங்குகின்றன. தேடிய நாட்களில் இருந்த துடிப்பு, பொருள் கையில் வந்ததும் காணவில்லை.

மூளையின் அமைப்பில் இதற்கு விளக்கம் உண்டு. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய சோதனைகளில், பழச்சாறு வரப்போகிறது என்று காட்டும் குறியைக் குரங்குகள் கற்றுக்கொண்ட பிறகு, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் சாறு நாக்கில் படும்போது துள்ளவில்லை. குறி தெரிந்த கணத்திலேயே துள்ளின. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வந்து சேரும்போது அவற்றுக்கு அதில் புதுச்செய்தி எதுவும் இல்லை. உங்கள் இன்பமும் தேடலிலும் காத்திருப்பிலும் முன்கூட்டியே செலவாகிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். கடைசியாக வாங்கியதில் எந்தக் கணம் மிகவும் பிடித்திருந்தது? தேடியதா, பணம் கட்டியதா, பயன்படுத்தியதா? தேடியதுதான் என்றால், தேடலைக் கைவிட வேண்டியதில்லை. அது உங்களுக்கு இன்பம் தருகிறது, அதில் குற்றமில்லை. தேடலுக்கும் பணம் கட்டுவதற்கும் இடையில் ஓர் இரவையாவது வையுங்கள். பிடித்ததைத் தேதியுடன் பட்டியலில் எழுதி, அடுத்த வாரம் திரும்பப் படியுங்கள். படிக்கும்போது 'இதை எதற்கு எழுதினேன்?' என்று தோன்றுபவை பல இருக்கும். இன்னும் வேண்டும் என்று தோன்றுவதை நிம்மதியாக வாங்குங்கள்.

மனம் சரியில்லாத நாளில்தான் செலவு

மிகப் பரவலான அறிகுறி இது. மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 'கட்டுப்பாடு போதவில்லை' என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். அந்தத் திட்டு மனதை இன்னும் நோகடிக்கும், நொந்த மனம் மறுபடி வாங்கும்.

ஜெனிஃபர் லெர்னரும் உடன் ஆய்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட சோதனை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு குழுவினருக்குச் சோகமான காட்சியையும், இன்னொரு குழுவினருக்கு அருவருப்பூட்டும் காட்சியையும் காட்டினார்கள். பிறகு ஒரு பொருளுக்கு விலை சொல்லச் சொன்னார்கள். அருவருப்பு கொண்டவர்கள் வாங்கவும் குறைந்த விலையே சொன்னார்கள், கையில் இருந்ததையும் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார்கள். எதுவும் கிட்டே வரவேண்டாம் என்ற மனநிலை அது. சோகத்தில் இருந்தவர்கள் கையில் இருந்ததைக் குறைந்த விலைக்கு விட்டார்கள், புதியதை வாங்க மட்டும் அதிக விலை சொன்னார்கள். இருப்பது போகட்டும், வேறு ஏதாவது வரட்டும் என்று சோகம் சொல்கிறது. 2008இல் தண்ணீர் பாட்டிலை வைத்துச் செய்த தொடர் சோதனையில், சோகக் காட்சி பார்த்தவர்கள் மற்றவர்களைவிட மிக அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். தன்னைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம்தான் இந்த விளைவு வலுவாக இருந்தது. காட்சிக்கும் தாங்கள் சொன்ன விலைக்கும் தொடர்பில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள்.

அதனால்தான் 'நான் சோகத்தில் வாங்குகிறேனா?' என்று உங்களையே கேட்டால் உண்மையான பதில் கிடைக்காது. நோட்டைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சோகத்தில் வாங்குவது பயனற்றது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஸ்காட் ரிக் குழுவினர் 2014இல் காட்டியபடி, பொருட்களுக்கு இடையில் தேர்ந்தெடுப்பது மிச்சமிருந்த சோகத்தை உண்மையாகவே குறைத்தது. எதுவும் தன் கையில் இல்லை என்ற உணர்வு சோகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். 'இது வேண்டும், அது வேண்டாம்' என்று முடிவெடுக்கும்போது ஏதோ ஒன்று தன் கைக்குள் வந்ததுபோல் இருக்கிறது. கோபத்துக்கு இந்த மருந்து பலிக்கவில்லை. ஆகவே கோபத்தில் வாங்கியவர்கள் இரண்டாவது பொருளையும் தேடிப் போவதில் வியப்பில்லை.

சரிசெய்யும் வழி இதிலிருந்தே கிடைக்கிறது. மனம் தேடுவது ஒரு முடிவை எடுக்கும் வாய்ப்பை. பணம் செலவாகாத முடிவுகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தி எதை வைப்பது, எதை எறிவது என்று பிரிக்கலாம். அடுத்த விடுமுறை நாளைத் திட்டமிடலாம். வேறொருவருக்கு உதவும் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது, தன்மீதே குவிந்த கவனம் வெளியே திரும்பும். சும்மா படுத்துக்கொண்டு 'வாங்கக் கூடாது, வாங்கக் கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது இங்கே உதவாது.

முன்கூட்டியே ஒரு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். 'இரவு பத்து மணிக்கு மேல் கை கடைச் செயலிக்குப் போனால், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு இழுப்பறையைத் திறப்பேன்.' என்ன நடந்தால் என்ன செய்வேன் என்று இடமும் நேரமும் குறித்து வைக்கும் தீர்மானங்கள், 'இனி சிக்கனமாக இருப்பேன்' என்ற பொதுவான தீர்மானத்தைவிட நன்றாக நிற்கின்றன. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்.

கார்டில் கட்டினால் செலவழித்ததுபோலவே இல்லை

ரூபாய் நோட்டாக இருந்தாலும் வேறு எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும், எண்ணிக் கொடுக்கும்போது சுருக்கென்று ஒரு வலி இருக்கிறது. கார்டும் கைப்பேசியும் அந்த வலியை மரத்துப்போகச் செய்கின்றன. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகவியல் மாணவர்களை விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்க வைத்தார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள்.

இங்கே சரிசெய்ய வேண்டியது உணர்வை அல்ல, வழியை. கடைச் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். எழுந்துபோய்ப் பணப்பையை எடுத்து, எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டும் நேரத்துக்குள் பல ஆசைகள் ஓய்ந்துவிடும். ஒவ்வொரு செலவுக்கும் உடனே குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். மாதக் கடைசியில் வரும் மொத்த பில், எந்த வாங்கலோடும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. அதைப் பார்த்து வருந்துவோம், ஆனால் அதிலிருந்து எதையும் கற்க மாட்டோம்.

கணக்கைத் திறந்து பார்க்கவே பயம்

வங்கியிலிருந்து வரும் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுகிறீர்கள். கடன் எவ்வளவு மிச்சம் என்று யாராவது கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. இது உங்களுக்கு மட்டும் வந்த நோயல்ல. பங்குச் சந்தை இறங்கிய நாட்களில் முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை எட்டிப் பார்ப்பதே குறைந்துவிடுகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சந்தையில் பணம் போடத் தெரிந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பார்க்காதவரை மனம் தன் இஷ்டத்துக்கு ஒரு தொகையைக் கற்பனை செய்துகொண்டு அதற்குப் பயப்படுகிறது. பார்த்துவிட்டால் தொகை ஒன்றுதான், அதற்கு ஓர் எல்லை உண்டு.

செய்ய வேண்டியது: பகல் நேரத்தில், வயிறு நிறைந்திருக்கும்போது, பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்று பார்ப்பது மட்டுமே வேலை. எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இருப்பு, கடன், வட்டி விகிதம், அடுத்த தவணைத் தேதி. நான்கையும் தாளில் எழுதிவிட்டு எழுந்து போய்விடுங்கள். முடிவுகளை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பது இதில் முக்கியம். பார்த்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியே பலரைப் பார்க்கவிடாமல் தடுக்கிறது. தனியாகத் திறக்க முடியவில்லை என்றால் நம்பிக்கைக்குரிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை, உடன் இருந்தால் போதும்.

பணம் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை

செலவாளிகளுக்குத்தான் அறிவுரை குவிகிறது. இந்தப் பக்கம் இருப்பவர்களை ஊர் 'கெட்டிக்காரர்' என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறது. பல் வலியோடு மாதக்கணக்கில் இருப்பார். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், பழைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கணக்கில் பணம் இருக்கும். மற்ற அறிகுறிகளைவிட இதன்மீது எனக்கு அக்கறை அதிகம். இதில் துன்பப்படுகிறவர் உதவி கேட்பதே இல்லை.

ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் ஆகியோர் 2008இல் 13,000க்கும் மேற்பட்டவர்களின் விடைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செலவழிக்கக் கை வராதவர்கள், செலவாளிகளைவிட அதிகமாக இருந்தார்கள். இரண்டுக்கு மூன்று என்ற கணக்கு. அந்த ஆய்வில் சிக்கனத்தையும் இந்தத் தயக்கத்தையும் அவர்கள் பிரித்தே வைத்தார்கள். சிக்கனக்காரருக்கு மிச்சம் பிடிப்பது இன்பம். தயங்குபவருக்குச் செலவழிப்பது வலி. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

நீங்கள் எந்த வகை? செலவழிக்காமல் திரும்பி வந்த அன்று மாலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மகிழ்ச்சியாக இருந்தால் சிக்கனம், விட்டுவிடுங்கள். 'வாங்கியிருக்கலாமே' என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தால், அடுத்த முறையும் அதே அரிப்போடு அப்படியே திரும்பி வந்தால், அது வலி. பெரும்பாலும் இதன் வேர் பழையது. வீட்டில் ஒரு காலத்தில் உண்மையிலேயே பணம் இல்லாமல் இருந்திருக்கும். ஒரு நோயோ வேலையிழப்போ எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போயிருக்கும். அன்று கையை இறுக்கியது சரியான முடிவு. நிலைமை மாறியது கைக்குத் தெரியவில்லை.

இவரிடம் 'தாராளமாகச் செலவழி' என்று சொல்வது பயனற்றது. வலியைக் குறைக்கும் ஏற்பாடுதான் தேவை. அதே ஆய்வில், ஒரு கட்டணத்துக்கு முன்னால் 'சிறிய' என்ற ஒரே சொல்லைச் சேர்த்ததும் தயங்குபவர்களில் கூடுதலானவர்கள் கட்ட முன்வந்தார்கள். உடல் பிடித்துவிடும் சேவையை இன்பத்துக்கு என்று சொன்னபோது தயங்கியவர்கள், முதுகுவலிக்கு என்று சொன்னபோது அவ்வளவு தயங்கவில்லை. ஆகவே செலவின் காரணத்தை எழுதி வையுங்கள்: 'கண்ணாடிக்கு' என்று எழுதாமல் 'இரவில் தலைவலி இல்லாமல் படிக்க' என்று எழுதுங்கள். மாதத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றி, அது போய்விட்ட பணம் என்று தீர்மானித்துவிடுங்கள். அதற்குள் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. உடல்நலச் செலவில் மட்டும் இன்னும் கடுமையான விதி வேண்டும். மருத்துவர் சொன்னால் அன்றே நேரம் வாங்கிவிட வேண்டும், விலையைப் பிறகு விசாரிக்கலாம்.

யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்

நண்பர்களோடு வெளியே போனால் பில்லை நீங்களே எடுக்கிறீர்கள். உறவில் யாருக்கு முடை வந்தாலும் முதல் அழைப்பு உங்களுக்குத்தான். கொடுத்த பணம் திரும்பி வருவதில்லை, கேட்கவும் நா எழுவதில்லை. இது நல்ல குணம் என்றே நானும் சொல்வேன். கொடுத்த பிறகு மனம் லேசாக இருக்கும்வரை.

நோட்டில் 'மறுநாள்' என்ற இடத்தைப் பாருங்கள். நிறைவு இருந்தால் அது ஈகை. எரிச்சல் இருந்தால், அல்லது அந்த மனிதர் நன்றி சொன்னாரா என்று மனம் எண்ணிக்கொண்டிருந்தால், கொடுத்தது வேறொன்றை வாங்குவதற்காக. பெரும்பாலும் அது மரியாதை, அல்லது கைவிட மாட்டார்கள் என்ற உறுதி. பணம் கொடுக்காவிட்டால் தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்ற அச்சம் இளவயதிலேயே சிலருக்குள் புகுந்துவிடுகிறது.

மறுப்பதற்கு அந்தக் கணத்தில் சொல் தேடினால் கிடைக்காது. முன்பே வைத்திருக்க வேண்டும். ஒரு தம்பி அக்காவிடம் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, இந்த மாதமும் கொஞ்சம் சமாளிக்க வேண்டியிருக்கிறது. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

"எனக்கு ஒருநாள் கொடுடா. நாளை மாலை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்."

"அவசரம் அக்கா."

"தெரிகிறது. நாளை மாலைக்குள் சொல்கிறேன்."

இதில் மறுப்பு எதுவும் இல்லை. ஓர் இரவு கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த இரவில் மூன்றைத் தீர்மானிக்கலாம்: இது கடனா, கொடையா? கொடை என்றால் எவ்வளவு போனாலும் தாங்கும்? கடன் என்றால் எப்போது திரும்ப வேண்டும்? மறுநாள் சொல்லும்போது சுருக்கமாகச் சொல்ல வேண்டும். "இவ்வளவுதான் என்னால் முடியும்டா. இதை நீ திருப்பித் தர வேண்டாம். அடுத்த மாதம் என்னிடம் எதிர்பார்க்காதே, வேறு வழி என்ன என்று சேர்ந்து யோசிப்போம்." நீண்ட விளக்கம் கொடுத்தால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு பதில் வரும். உறவு உண்மையானதாக இருந்தால் இந்த ஓர் உரையாடலைத் தாங்கும். தாங்காமல் போனால் வலிக்கும். அந்த வலி வரும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

ஒன்று வாங்கினால் அதற்கு ஏற்ப நான்கு வாங்க வேண்டியிருக்கிறது

புது மேசை வந்ததும் நாற்காலி பழசாகத் தெரிகிறது, பிறகு விளக்கு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிடரோ, பரிசாக வந்த ஒரு புது அங்கியால் தன் அறையின் பொருட்கள் எல்லாம் மங்கித் தெரியத் தொடங்கியதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். பெரிதாக ஒன்றை வாங்கிய பின் ஒரு மாதம் அதே அறைக்கு, அதே தேவைக்கு வேறெதுவும் வாங்காமல் இருங்கள். கண் பழகிவிடும். அடுத்தவரைப் பார்த்து எழும் ஆசைக்கும் இதே மருந்துதான். அத்தோடு, யாருடைய படங்களைப் பார்த்த பிறகு கை கடைக்குப் போகிறது என்பதையும் நோட்டில் குறித்து, அவர்களைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருங்கள்.

எதிர்பாராமல் வந்த பணம் தங்குவதில்லை

சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர், போனஸ் வந்தால் இரண்டே நாளில் தீர்த்துவிடுகிறார். மனம் பணத்தை ஒரே குவியலாக வைப்பதில்லை. எங்கிருந்து வந்தது, எதற்கு என்று தனித்தனிப் பைகளில் போட்டு, ஒவ்வொரு பைக்கும் ஒவ்வொரு சட்டம் வைக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்த ரிச்சர்ட் தேலர் 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பழக்கத்தை எதிர்த்துப் போராட வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். வரும் அன்றே அந்தப் பணத்துக்கு ஒரு பெயர் சூட்டி, பெயருள்ள கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 'மகளின் கல்லூரி' என்று பெயர் வைத்த கணக்கில் கை வைக்க மனம் கூசும்.

இருவரும் பணத்தைப் பற்றிப் பேசினால் சண்டையில் முடிகிறது

கை இறுகியவரும் செலவாளியும் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துத் திருமணம் செய்துகொள்கிறார்கள் என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன் இயல்பு தனக்கே பிடிக்காததால் எதிர் இயல்பு கவர்கிறது. பிறகு அதே வேற்றுமையே பணச் சண்டைகளைக் கூட்டுகிறது.

'நீ ஏன் இவ்வளவு செலவழித்தாய்?' என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு எங்கும் போய்ச் சேராது. தொகையை மேசையில் வைக்காமல் ஒருநாள் பேசுங்கள். 'உங்கள் வீட்டில் பணம் பற்றிப் பெரியவர்கள் எப்போது பேசுவார்கள்? சத்தமாகவா, ரகசியமாகவா?' 'எது இல்லாமல் போய்விடும் என்று சின்ன வயதில் பயந்தீர்கள்?' ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. இந்தப் பேச்சுக்குப் பிறகு, ஒருவரின் 'கஞ்சத்தனம்' பயமாகவும் மற்றவரின் 'ஊதாரித்தனம்' ஏக்கமாகவும் தெரியத் தொடங்கும். அதன்பின் ஏற்பாடு எளிது: பொதுச் செலவுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கப்படாத ஒரு சிறு தொகை, எந்த அளவுக்கு மேல் போனால் இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்ற வரம்பு. ஒளித்து வைத்த கடன் ஏதாவது இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் பணம் போனதைவிட நம்பிக்கை போனதுதான் பெரிதாக நிற்கும்.

திடீரென்று ஆளே மாறிவிட்டார்

ஆண்டுகளாக நிதானமாக இருந்தவர் சில வாரங்களில் அள்ளி இறைக்கத் தொடங்கினால், மேலே சொன்ன எதையும் முயன்று காலத்தைக் கழிக்க வேண்டாம். தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியாமல், பேச்சு வேகமெடுத்து, பெரிய பெரிய திட்டங்களோடு செலவும் கூடினால் அது இருதுருவ மனநோயின் (மனம் சில காலம் அளவுமீறி எழுவதும் சில காலம் ஆழ்ந்து சோர்வதுமான நோய்) எழுச்சி நிலையாக இருக்கலாம். மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

மருந்துப் பெட்டியையும் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்கும், காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கோளாறுக்கும் கொடுக்கப்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட ஆசையையும் வாங்கும் ஆசையையும் கிளப்புகின்றன. மனநோய்க்குத் தரப்படும் அரிபிப்ரசோல் பற்றியும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. மருந்தின் விளைவு என்று தெரியாமல் தன் ஒழுக்கமே கெட்டுவிட்டது என்று கூனிக் குறுகி வாழ்ந்தவர்கள் உண்டு. மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம், மருந்து தொடங்கிய தேதியையும் செலவு மாறிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாற்றம் மெதுவாகவே வந்திருந்தாலும், வாங்குவதை வீட்டாரிடம் மறைக்கிறீர்கள், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறீர்கள், நிறுத்த முயன்று பலமுறை தோற்றிருக்கிறீர்கள் என்றால் அது பழக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. எமில் கிரேப்பலின் போன்ற மனநல மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை ஒரு நோயாக விவரித்திருக்கிறார்கள். இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. கடன் சுமையால் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: வீட்டில் ஒருவர், மருத்துவர், தற்கொலைத் தடுப்பு உதவி எண், யாராக இருந்தாலும் சரி. வீட்டில் இருப்பவர்கள் அப்போது தொகையைக் கேட்க வேண்டாம். கார்டையும் கடன் தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் உடன் போங்கள்.